டபுள் ஷிப்ட் மாத்திரை

செவ்வாய், இரவு

ஒரகடம் கம்பெனியில் டபுள் ஷிப்ட் என்றால் டீயோடு சேர்த்து, தூக்கம் வராமலிருக்க ஒரு மாத்திரையும் கொடுப்பான் சூப்பர்வைசர். அதைப் போட்டுப் போட்டே என் தம்பிக்குக் கை நடுங்குகிறது. சட்டைப் பட்டனை இன்று நான்தான் போட்டுவிட்டேன். காரணத்தை டாக்டர்தான் சொன்னார். மாத்திரை மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கொட்ட வைக்குமாம். மிஞ்சிய டோபமைனே விஷமாகி, அதைச் சுரக்கும் செல்களை அழித்துவிடுமாம்; அவை போனால் கை நடுங்குமாம்.

சாயங்காலம் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்து நின்றான் அந்த சூப்பர்வைசர்.

“மாத்திரைய நிறுத்திட்டான்ல, அதாம்மா கை ஆடுது. ஒண்ணு போட்டா சரியாப் பூடும். லைன்ல ஆள் இல்ல.”

“வெளிய போய்யா,” என்றேன்.

அதற்குள் பாக்கெட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவிட்டான். தம்பி கையை நீட்டினான். பட்டன் போட முடியாத அந்தக் கை, அப்போது மட்டும் நடுங்கவேயில்லை.