கலப்பைக்குத் தடை

ஜர்ஜீஸ்
மே பதினாறு

என் கண்ணே சுந்துஸ், உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். அங்கே ப்ரெஸ்டில் இன்னும் மழைதானா? இங்கே நான் சுகம், வீடு சுகம், உன் அப்பா சுகம், உன் மேல் அவருக்கிருந்த கோபமும் போன வாரம் வரை நல்ல சுகமாகத்தான் இருந்தது. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே அவர் அடுத்த அறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்கிறார். அதனால் மார்செய்க்குக் கப்பல் ஏறும், பக்கத்துப் படகு ஷுக்ரியின் அண்ணன் கையில் எண்ணெய் டின்னோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன், அங்கிருந்து உனக்கு அனுப்பி வைப்பான். டின் மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், போன தடவை மாதிரி கத்தியால் குத்தாதே.

பிப்ரவரியில் நீ வந்து துறைமுகக் கூடத்தில் உன் மீன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாயே, உன் அப்பா அன்றைக்கு மூடிய வாய்தான். நீ சொன்னதில் பிழை இல்லை. வசந்தத்தில் ஆழம் குறைந்த தண்ணீருக்கு வரும் பெரிய கலப்பை மீன்கள் எல்லாம் சூல் கொண்டவை, குட்டி போடத்தான் வருகின்றன, அவற்றைப் பிடித்தால் பின்னால் வருவதற்கு ஒன்றும் இருக்காது என்றாய், சரி. ஆனால் மகளே, இந்த ஊரில் இத்தனை படகுகள் இருக்கும்போது எடுத்துக்காட்டுக்கு உன் அப்பாவின் படகுதானா கிடைத்தது? இருபது வருடத்துக்கு முன் ஒரு வலைக்கு முப்பது, இப்போது மூன்று என்று அவர் படகின் பேரைப் போட்டு, படகுத் தலைவர் என்று ஊரே ராயிஸ் ராயிஸ் என மரியாதையாகக் கூப்பிடும் மனிதரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுச் சுவரில் காட்டினாய். அந்த முப்பதை நீ சின்னப் பெண்ணாகப் படகில் உட்கார்ந்து நோட்டில் எழுதியபோது உனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவர் அவர்தான். முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவளுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் தடை வந்தது. வந்த பிறகும் உன் அப்பா கலப்பை பிடிக்கும் பெரிய கண் வலையை எடுத்துக்கொண்டு போனார், கலப்பையைப் பெட்டிக்கு அடியில் வைத்து மேலே மத்தி பரப்பிக் கொண்டுவந்தார். நானும் தக்காளியும் மிளகாயும் போட்டு ஆக்கினேன், பொய் சொல்ல மாட்டேன், ருசியாகத்தான் இருந்தது. அவரைப் பார்த்து மற்றப் படகுகளும் போயின. ராயிஸ் மகளின் தடையை ராயிஸே மதிக்கவில்லை என்றால் வேறு எவன் மதிப்பான்? நீ நாலு வருடம் ஓடியாடி வாங்கிய தடை நாலு நாளில் செத்துப்போகும் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

இதில் உன் பெல்காசெம் மாமா எப்படி வந்தார் என்று கேள். அறிவிப்பு எழுதிய அதிகாரி மீன் என்ற சொல்லையே போடவில்லை. முன்னால் தட்டையும் பின்னால் சுறா வாலுமாக இருக்கும் அதைக் கரையோரத்தில் கலப்பை என்றுதானே சொல்கிறோம், அது போதும் என்று நினைத்திருப்பார். “ஜூன் முடியும்வரை கலப்பை இறக்கத் தடை, மீறினால் நடவடிக்கை” என்று எழுதி, துறைமுகத்தில் ஒன்றும் சந்தை வாசலில் ஒன்றும் ஒட்டிவிட்டார்கள். என் தம்பி சந்தையில் ஆட்டுத் தீவனம் வாங்கப் போனவன், படித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய் டிராக்டரிலிருந்து கலப்பையைக் கழற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். மூன்று வாரம் உழவில்லை. ஆலிவ் மரங்களுக்கு நடுவே புல் முழங்கால் உயரம். அவன் சொன்னான் என்று பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் சாப்பிட வந்தவன் என் சமையலையும் பார்க்காமல், “அக்கா, உங்க பொண்ணு கவர்மெண்டுல பெரிய ஆளுதானே, உழுறதுக்கு எப்ப விடுவாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்” என்றான். விஷயம் புரிந்ததும் உன் அப்பா சிரித்தார் பார், மூன்று மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம், பூனை எழுந்து ஓடியது. பெல்காசெம் சிரிக்கவில்லை. ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “மச்சான், எனக்கு எழுதாத தடைக்கே நான் மூணு வாரம் அடங்கிக் கெடந்தேன். உங்களுக்குன்னே எழுதின தடை, நீங்க என்ன பண்றீங்க?” என்றான். அடுப்பில் இருந்த மீன் எது என்று அவனுக்குத் தெரியும். உன் அப்பா தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடிக்கவில்லை.

மறுநாள் பெரிய வலை முற்றத்திலேயே கிடந்தது, கணவாய் வலையோடு போனார். துறைமுகத்தில் ஷுக்ரி சும்மா இருப்பானா? “என்ன ராயிஸ், கடைசியில மக சொன்னதக் கேட்டுட்டீங்க போல” என்றானாம். உன் அப்பா, “மக சொல்லல. மச்சான் சொன்னான். அவன் விவசாயி, கலப்பையப் பத்தி அவனுக்குத் தெரியும்” என்றாராம். ஷுக்ரிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நேற்றிலிருந்து அவன் பெரிய வலையும் கரையில்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கணவாய் வலையிலேயே ஒன்று மாட்டியிருக்கிறது, வயிறு புடைத்த பெரியது. மேலே தூக்கியதும் பயத்தில் அங்கேயே ஆறு குட்டி போட்டுவிட்டதாம். தாயை விட்டுவிட்டு, குட்டிகளை உன் பழைய மஞ்சள் வாளியில் தண்ணீர் பிடித்துப் போட்டிருக்கிறார். ஞாபகமிருக்கிறதா, ஏழு வயதில் நீ அப்படிச் செய்தபோது ஊரைக் கூட்டிச் சிரித்தவர். முதல் இரண்டை மேலிருந்து விட்டதும் கடல்காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டது. மீதி நான்குக்காக மணல்திட்டு வரை படகை ஓட்டி, முழங்கால் வலியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாக அடிமணலில் வைத்துவிட்டு வந்தார். வாளி அலையோடு போய்விட்டது. ஈரக் கால்சட்டையோடு வாசலில் நின்று, “படகுலயே குட்டி போட்டா எப்படி விடணும்னு கேட்டு எழுது” என்றார். யாரைக் கேட்பது என்றேன். “தெரிஞ்சவங்களத்தான்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் நறுக்கப் போனேன்.

ஆகவே மகளே, கடிதம் கிடைத்ததும் வரும் வெள்ளிக்கிழமை, குஸ்குஸ் சாப்பிட்ட பிறகு ஃபோன் பண்ணு. அவர் முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருப்பார், அதில் கிழிசல் ஒன்றும் இருக்காது. என் சுகத்தைக் கேட்டு நேரத்தைப் போக்காதே. ராயிஸ் இருக்கிறாரா என்று கேள். உங்கள் படகின் பேரை இனிமேல் நான் சொல்லலாமா என்று கேள். எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது என்றும் கேள், தேதியோடு சொல்வார். பென்சிலைப் புதிதாகச் சீவி, உன் பழைய நோட்டில் நீ விட்ட பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார்.

இறைவன் உன் வீட்டையும் உன் வழியையும் காக்கட்டும். காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. வரும்போது ஒரு மஞ்சள் வாளி வாங்கி வா, இங்கே நீலம்தான் கிடைக்கிறது, அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

உன்னைப் பெற்றவள்,
மொஞ்சியா