பொருந்தி வாங்கிய கார்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அஸ்ஹருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். அதற்கு மேல் சுகம் என்று எழுத எனக்குப் பேனா போகவில்லை. கத்தார் வெயிலில் உன் உடம்பையும் ஈமானையும் அவனே காக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். வாப்பா காதில் விழாமல் ஒரு சொல் சொல்ல இந்த வீட்டில் இடமில்லை மகன். உன் மச்சான் றாஸிக் லீவு முடிந்து நாளைக்குத் திரும்புகிறான், அவனிடம் தரும் கருவாட்டுப் பொதியோடு இதையும் வைத்துவிடுகிறேன். மணத்தைப் பொறுத்துக்கொள். உன் தங்கச்சி றிபாவின் சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது, உன் படத்தைக் காட்டினால் அதையும் கடிக்கப் பார்க்கிறாள். மழை பிந்துவதால் வயல்காரர்கள் முகமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

காரைப் பற்றி நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய், அதனால் முழுவதும் எழுதுகிறேன். முழங்கால் வலியால் துணிக்கடையை மூடிய மனிசன் வீட்டில் முடங்கக் கூடாது, வாடகைக்கு ஹயர் ஓடட்டும் என்று நீ கார் வாங்கக் காசு அனுப்பினாய். அந்தக் காரை எடுத்து ஒரு மாதம் முடியுமுன்னே காரைதீவுச் சந்தியில் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தா. வாப்பாவே அவவை ஆட்டோவில் ஏற்றி, அந்தக் கூலியையும் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தார். கராஜ்கார நல்லரெத்தினம் திறந்து பார்த்து, "ராத்தா, ஹைபிரிட் பெட்டரி செத்துட்டு, ஆரோ முந்தியே பிரிச்சு ஒட்டுப் போட்டு வச்சிருக்காங்க" என்றார். மாற்ற நாலரை இலட்சம் என்றார். காரை விற்ற மசூர்தான் அன்றைக்கு "ஒரு மாசத்துக்குள்ள என்ன நடந்தாலும் நான் பொறுப்பு" என்று சொன்னவன். நீயும் அங்கிருந்து அவனுக்கு போன் எடுத்து, முழுச் செலவும் தருகிறேன் என்று சொல்லும் அளவுக்கு அவனைக் கொண்டுவந்திருந்தாய். வாப்பா வாயைத் திறக்க வேண்டாம், உம்மா கதைக்கட்டும் என்றும் சொன்னாய். சரி என்றுதான் நாங்கள் அவன் கார் சேலுக்குப் போனோம்.

போனால் அவன் கதையை மாற்றிவிட்டான். கதிரை போட்டான், நெக்டோ சோடா உடைத்துத் தந்தான், பிறகு வாப்பாவைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "ராத்தா, கார்ட திறப்பக் குடுக்கக்குள்ள காக்காட கையைப் பிடிச்சு, பொருந்திட்டீங்களா எண்டு கேட்டனா இல்லையா, பொருந்திட்டன் எண்டு சொன்னாரா இல்லையா, அவரையே கேளுங்க" என்றான். நான் வாப்பாவைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஓம் தம்பி, சொன்னன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "பொருந்தினது கண்ணுக்குக் கண்ட காருக்கு. நீ மூடி வச்ச ஒட்டுக்கு ஆரு பொருந்தின?" என்று கேட்டுவிட்டேன். கார் பார்க்க வந்த பொடியன்கள் சிரித்தார்கள். "ராத்தாவைக் கோட்டுக்கு அனுப்பினா நீதவானே எழும்பி இடம் குடுப்பார்" என்று அவன் நக்கலடித்தான். வரும் வழியெல்லாம் நான் வாப்பாவோடு கதைக்கவில்லை. ஆனால் மகன், அந்தச் சொல்லை உன் வாப்பா எப்படி வைத்திருக்கிறவர் என்று உனக்குத் தெரியும்தானே. கடை நடத்திய காலத்தில் ஒரு சாரன் விற்றாலும், வாங்குகிறவர் மனமொப்பிப் பொருந்தினாரா என்று கேட்டுத்தான் காசைப் பெட்டியில் போடுவார். சொன்ன சொல்லைச் சொல்லவில்லை என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

பிறகு விஷயத்தைப் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே தலைவர் ஹாஜியார், "முத்தலிப், நீங்க பொருந்தக்குள்ள என்னத்த நினைச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். "மசூர்ட முகத்தைப் பார்த்துப் பொருந்தினன் ஹாஜியார், காரைப் பத்தி எனக்கென்ன தெரியும்" என்றாராம் வாப்பா. குறையை மறைத்து விற்றது பிழை, பாதிச் செலவு மசூர் தர வேண்டும் என்று முடித்தார்கள். மற்றப் பாதிக்கு என் தங்கக் காப்பு இருக்கிறது, அதற்கு நான் ஒழுங்கு செய்துவிட்டேன், அதைப்பற்றி நீ யோசிக்காதே.

அன்று பின்னேரம் நீ எடுத்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. றிபாவின் மாப்பிள்ளையும் அவருடைய உம்மாவும் மண்டபத்தில் இருந்தார்கள். "உங்களுக்கு உலகம் தெரியாது வாப்பா, நான் இஞ்ச வெயிலில வெந்து அனுப்பினத்த ஒரு ஓம்மில குடுத்திட்டு வந்திருக்கீங்க, இனி என்ட காசு ஒரு சதம் உங்கட கைக்கு வராது" என்றாய். உன் களைப்பு எனக்கு விளங்காமல் இல்லை. நீ வெந்தது உண்மை. வாப்பா "சரி மகன்" என்று மட்டும் சொன்னார். போனை என்னிடம் தந்துவிட்டு கை கால் கழுவி வுழுச் செய்யப் போனார், அஸர் தொழுது முடித்திருந்தும். குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் என் நெஞ்சைப் பிளக்கிறது. போன ஜும்ஆ முடிந்து வந்தவர் சோறு தின்னவில்லை, வீடு வீடாகப் போனார். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையை மன்னிக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு றுக்ஸானா மதிலால் எட்டி, "என்ன ராத்தா, காக்கா ஹஜ்ஜுக்குப் போறாரோ, எங்களுக்கும் சொல்லாம?" என்று பகிடி விட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை மகன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும், படுக்கையில் விழுந்து இனி எழும்ப மாட்டேன் என்று அறிந்தவர்களும்தானே அப்படிக் கேட்பார்கள். இவருக்குப் பயணமும் இல்லை, நோயும் இல்லை. பழைய கடைத்தெருவில், இவர் கூடக் குறைய விலை சொன்ன ஆட்களிடமும் போனார். மசூரிடமும் போனார். அவனே எனக்கு போன் எடுத்தான். "ராத்தா, பள்ளியில வச்சு உன்னைத் தலைகுனிய வச்சிட்டன், பொருந்திக்க தம்பி எண்டு காக்கா என்ட கையைப் பிடிச்சார், எனக்கு எங்க பார்க்கிற எண்டு தெரியல்ல" என்றான். அதற்காக மற்றப் பாதியையும் தருகிறேன் என்று சொல்லவில்லை, யாவாரி யாவாரிதான். ஆனால் அவன் குரல் உடைந்திருந்தது.

நேற்று என்னிடம் கேட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து வாசற்படியில் நின்று, "கல்யாணம் முடிச்ச நாளிலிருந்து உனக்கு ஏதும் குறை வச்சிருந்தா பொருந்திக்க" என்றார். கை முழுக்கச் செதிலோடு நான் அழுதுவிட்டேன், பொருந்தினேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் போய்விடுவார் போல் ஒரு பயம். பிறகு, "மகனிட்டதான் எப்பிடிக் கேக்கிற எண்டு விளங்கல்ல, அது அவன்ட காசு" என்றார். இப்போது போனைக் கையில் எடுக்கிறார், உன் பெயரைப் பார்க்கிறார், திரும்பப் பையில் போடுகிறார்.

மகன், மசூரைப் பொருந்து என்று நான் சொல்ல மாட்டேன், அது உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். வாப்பா செய்தது சரி என்று ஒத்துக்கொள்ளவும் கேட்கவில்லை. கார் இன்னும் நல்லரெத்தினத்தின் முற்றத்தில்தான் கிடக்கிறது, கிடக்கட்டும். ஆனால் ஒரு வாப்பா பெற்ற பிள்ளையிடம் பொருத்தம் கேட்கும் நாளை நான் இந்த வீட்டில் காணக் கூடாது. அவர் கேட்குமுன் நீ போன் எடுத்துவிடு. மன்னிப்புக் கதை ஒன்றும் வேண்டாம். முழங்கால் எப்படி என்று கேள், மழை வந்ததா என்று கேள், ஏசுகிறதென்றாலும் ஏசு, ஆனால் "வாப்பா" என்று கூப்பிட்டுவிட்டு ஏசு.

அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தையும் உன் நாவில் இரக்கத்தையும் தரட்டும். சுபஹைத் தவறவிட்டுக் களாவாக்காதே, வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்காதே. இந்தக் கடிதம் கண்டவுடன் எடு, என் நம்பருக்கு எடுக்காதே, வாப்பாவின் நம்பருக்கு எடு.

வஸ்ஸலாம்.
உன்னைத் துஆவில் மறக்காத
உம்மா நதீரா