ஐசக்கின் விளக்கு மார்க் கத்திகள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. வழக்கம்போல புனே கேம்ப்பில் இரானி ஹோட்டலின் பின்மேசையில் கூடினோம். வெளியாட்களுக்கு நாங்கள் ஒரு வேடிக்கைதான். வெண்ணெய் தடவிய பன் மஸ்கா தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பழைய கைக்குட்டையை விரித்து, மடக்குக் கத்திகளை வரிசையாக வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்கும் கூட்டம். எல்லாரும் ஆண்கள். நடுவில் ரிட்டயர் ஆன டீச்சர் நான் ஒருத்தி.

எல்லாம் ஒரே மார்க். கடைக்காரர்கள் திவா சாப் என்பார்கள், நாங்கள் விளக்கு மார்க் என்போம். கோலாப்பூர் பக்கம் ஒரே ஒரு பட்டறை. அலகின் அடியில் ஓர் அகல்விளக்கு முத்திரை. பூட்டு கிடையாது, பளபளப்பு கிடையாது. இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே கறுக்க ஆரம்பிக்கும். இதில் என்ன இருக்கிறது என்று என் மகன் ஹைதராபாத்திலிருந்து கேட்கிறான். அவனுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னேன்: முப்பது பிள்ளைகள் ஒரே ‘அ’ எழுதினாலும் யாருடைய ‘அ’ எது என்று எனக்குத் தெரியும். இந்தக் கத்திகளும் அப்படித்தான். கையால் அரம் போட்டவை. ஒன்று மூடும்போது ‘டக்’ என்னும், இன்னொன்று ‘டொக்’.

இன்று நடந்ததை எழுத வந்தேன். ஐசக் தன் எருமைக்கொம்புப் பிடி போட்ட இரட்டை அலகுக் கத்தியை நீலின் கைக்குட்டைமேல் வைத்துவிட்டார். கோர்படி ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர் ஐசக். இந்தக் கூட்டத்தையே தொடங்கியவர். அந்தக் கத்தியை எங்களைத் தொடக்கூட விடமாட்டார்.

“வச்சுக்க.”

“அங்கிள், மஜாக் பண்றீங்க, இல்லே?” நீலின் தமிழ் அப்படித்தான் வரும், தமாஷுக்குக்கூட ஹிந்திச் சொல்தான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், புனேயிலேயே பிறந்தவன்.

“சும்மா வச்சுக்கடே.”

எல்லாரும் கை தட்டினோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது, அது எங்கள் விதி. முன்பு ஒருவர் மனைவியின் ஆபரேஷனுக்காகத் தன் கத்திகளை விற்க வந்தார். ஆளுக்கு ஆள் ஏன், ஏன் என்று கேட்க, பத்துத் தடவை சொல்லிப் பத்துத் தடவையும் அழுதார். அன்றே எங்களில் மூத்தவரான சந்திரமௌலி சார் சொல்லிவிட்டார்: “கத்திய விட்டுப் பிரியறவன்கிட்ட காரணம் கேக்கப்படாது.” நல்ல விதி. நாகரிகமான விதி.

நீலைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 24

விடாத மழை. கத்திகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஈரம் எங்கிருந்துதான் வருகிறதோ, அலமாரிக்குள்ளேயே துரு.

ஜூலை 2, செவ்வாய்

ஐசக் விஷ்ராந்த்வாடியில் என் வீடு வரை பஸ்ஸில் வந்திருந்தார், நனைந்துகொண்டு. துண்டு கொடுத்தேன். டீ போட்டேன். ஒரு மடக்கோடு வைத்துவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். பிரித்தேன். சுடர் இடப்பக்கம் சாய்ந்த விளக்கு! முதல் அச்சு தேய்ந்து உடையும் முன் அடித்தது. பட்டறைக்காரர்களிடமே ஒன்று இல்லை என்பார்கள். அலகு மழைமேக நிறத்தில் இருக்கிறது. பித்தளை ஆணியில் யாரோ நாற்பது வருடம் கட்டைவிரல் வைத்த பள்ளம்.

“டீச்சருக்குத்தான் இது சரி. நீங்க பொறுமையா வச்சிருப்பீக.”

“ஜோஸ்பினுக்குத் தெரியுமா?” ஜோஸ்பின் அவர் மனைவி.

“அவளுக்கு எல்லாக் கத்தியும் ஒண்ணுதான்,” என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. லேசான சிரிப்பு. சட்டை மட்டும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, வேறு யாருடைய சட்டையோ போல.

இளைத்துவிட்டீர்களே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கத்தியைத் திறந்து மூடி, திறந்து மூடி... அவர் எப்போது எழுந்து போனார் என்றே சரியாக நினைவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஐசக் வரவில்லை. இப்படி ஒரு தடவை நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் மேசை நிறைய அவர் கத்திகள்தான். சந்திரமௌலி சாருக்கு ஒன்று. லோஹேகாவிலிருந்து வரும் ஏர்ஃபோர்ஸ்காரருக்கு இரண்டு. எனக்குக் கொடுத்தது எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

“ஐசக் அங்கிள் சாண்டா க்ளாஸ் ஆயிட்டார்,” என்றான் நீல். எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் சேகரிப்பாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

“ஏன் எல்லாத்தையும்...” என்று ஆரம்பித்தேன்.

“டீச்சர்.” சந்திரமௌலி சார் விரலை உயர்த்தினார். “ரூல்.”

நான் நிறுத்திக்கொண்டேன். நாற்பது பேர் வகுப்பை அடக்கியவள், ஒரு விரலுக்கு அடங்கினேன். அதில் கொஞ்சம் சௌகரியமும் இருந்தது. கேட்டு, அவர் மனம் மாறித் திரும்பக் கேட்டுவிட்டால்?

ஜூலை 20

ஜோஸ்பினிடம் போனில் பேசினேன். ஜெபக்கூட்டம் பற்றித்தான். பேச்சோடு பேச்சாக, ஐசக் எப்படி என்று கேட்டேன்.

“இப்பத்தாங்க்கா மனுசன் நிம்மதியா இருக்காரு. போன வருசம் பூரா தூங்கல, சாப்பாடு ருசிக்கலன்னு ஒரே மல்லுக்கட்டு. இப்ப சத்தமே இல்ல. அலமாரி, பரண், எல்லாம் ஒதுங்க வச்சிட்டாரு. பேங்க் பாஸ்புக்கு எங்க இருக்கு, கேஸ் புக்கு எங்க இருக்குன்னு எனக்கு உக்காத்தி வச்சுச் சொல்லித் தாராரு. கர்த்தர்தான் கண்ணத் தொறந்திருக்காரு.”

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குக் கை சில்லிட்டது. ஏன் என்று தெரியவில்லை. மழைதான் காரணமாக இருக்கும்.

ஜூலை 29

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நீல் எழுதியிருக்கிறான்: ஐசக் அங்கிள் முதன்முதலில் வாங்கிய கத்தி யாருக்கு வரும்? கீழே ஆளாளுக்குச் சிரிப்பு பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி. காலை

கூரியர் வந்தது. அனுப்பியவர் ஐசக்.

கனமாக இருந்தது. முதல் கத்தி எனக்குத்தான் என்று பிரித்தேன். கத்தி இல்லை. அவருடைய சாணைக்கல். நடுவில் குழிந்து, எண்ணெய் குடித்துக் கறுத்த கல். அதோடு துடைக்கிற துணி, மடித்து. கடிதம் எதுவும் இல்லை.

கத்தியைக் கொடுக்கிறவர் உண்டு. எல்லாக் கத்தியையும் கொடுத்துவிட்டு வேறு மார்க்குக்குப் போகிறவர்கூட உண்டு. கல்லைக் கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. கல் இருந்தால்தான் அடுத்த கத்தி.

கொஞ்ச நேரம் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனோ பழைய வகுப்பறை ஞாபகம். கண்டோன்மென்ட் பள்ளிக்கூடம், பாதிப் பேர் பட்டாளத்துக்காரர் பிள்ளைகள். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் ஆபீஸிலிருந்து எங்களுக்குத் தகவல் வரப் பல நாள் ஆகும். எனக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை முதலில் கோலிகளைக் கொடுக்கும், அப்புறம் கலர் பென்சில். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் குதிப்பார்கள். கடைசியில் ஜியாமெட்ரி பாக்ஸையே கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கும். இனி இந்த வகுப்பில் அதற்கு எழுத ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஐசக், எங்கே போகிறீர்கள்?

அவருக்குப் போன் போட்டேன், அடிக்கிறது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஜோஸ்பின் போன் சுவிட்ச் ஆஃப். ஆட்டோ பிடிக்கப் போகிறேன்.

அதே நாள், மாலை

நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

வழியெல்லாம் கணபதி விழாவுக்கு டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டோ நகரவில்லை. பையா ஜல்தி சலோ, பையா ஜல்தி என்று நான் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன், அவர் என்ன செய்வார் பாவம்.

ஐசக்தான் கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சவரம் செய்த முகம். வீடு துடைத்து வைத்தாற்போல். கத்திகள் இருந்த கண்ணாடி அலமாரியில் ஒன்றுமே இல்லை, தட்டுகளைக்கூடக் கழுவிக் கவிழ்த்திருந்தார். ஜோஸ்பின் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வருவாள் என்றார்.

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்:

“கூரியர்க்காரன் திங்கக்கெழமைதான் வரும்னு சொன்னானே டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“ஏன் ஐசக்?”

“ரூல் இருக்குல்லா.”

“ரூல் கெடக்கட்டும். ஏன் எல்லாத்தையும் குடுத்தீங்க? கல்லையும் ஏன் குடுத்தீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் விடவில்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைமுன் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன். அதட்டினால் வராது, வேறு பேச்சுக்குப் போனாலும் வராது. வெளியே டோல் சத்தம். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர். கத்தியத் தொறந்தா முன்னாடி ஒரு சந்தோசம் வரும். அதுவும் வரல. ஒவ்வொண்ணாக் குடுத்துப் பாத்தேன், வருத்தமாவது வருதான்னு. அதுவும் வரல. நீங்க எல்லாம் கை தட்டுனீக.”

நாங்கள் கை தட்டினோம். ஆமாம்.

“யாராவது கேப்பாங்கன்னு நெனச்சீங்களா?”

“மொத ரெண்டு மூணுக்கு நெனச்சேன்.”

ஜோஸ்பின் வரும்வரை நான் நகரவில்லை. அவரையும் நகர விடவில்லை. காய்கறிப் பையோடு வந்தவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். பை கையிலிருந்து நழுவியது. குனிந்து வெங்காயங்களைப் பொறுக்கினாள், ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். அப்புறம்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நிம்மதியா இருக்காருன்னு சொன்னேனேக்கா. என் வாயாலயே சொன்னேனே.”

ஆகஸ்ட் 5, திங்கள்

டாக்டரைப் பார்த்தோம். இது ஒரு நோய், மருந்து உண்டு, நாளாகும் என்றார். தனியாக விடாதீர்கள். கொஞ்ச நாள் வீட்டில் கூர்மையானது எதுவும் வேண்டாம். ஜோஸ்பின் அரிவாள்மனையைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அங்கே போய்க் காய் நறுக்கி வருகிறாள்.

இன்று திங்கட்கிழமை. கூரியர் சொன்ன நாளில் வந்திருந்தால்— எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது? கூட்டத்தில் எல்லாரிடமும் நேராகவே சொன்னேன். ஐசக்குக்கு உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை. அவர் கொடுத்தது பரிசு இல்லை. நாம் அதை வாங்கியிருக்கக் கூடாது. எல்லாம் திரும்பி வர வேண்டும்.

டீ ஆறியது. சந்திரமௌலி சார் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து என் முன்னால் வைத்தார். “நான் போட்ட ரூல்,” என்றார். எழுந்து போய் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏர்ஃபோர்ஸ்காரர் தலையசைத்தார். நீல் மட்டும் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான்.

“ஆன்ட்டி, நான் அதை பெங்களூர் ஆளுக்கு ஸ்வாப் பண்ணிட்டேன்.”

“அப்போ திரும்ப வாங்கு.”

“அவன் தர மாட்டான். என்னோட ரெண்டு பெஸ்ட் பீஸ் கேப்பான்.”

நான் அவனையே பார்த்தேன். கோபம் இல்லை. அவன் செய்ததைத்தானே எல்லாரும் செய்தோம், அவன் கொஞ்சம் வேகமாகச் செய்தான்.

“எனக்குத் தெரியாது ஆன்ட்டி, காட் ப்ராமிஸ்.”

“எனக்கும் தெரியாதுப்பா. முப்பத்தோரு வருஷம் டீச்சர்.”

ஆகஸ்ட் 27

கத்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ஐசக் வீட்டுக்குப் போகக் கூடாதே, அதனால் என் வீட்டுக்கு. நீலும் வந்தான். கொம்புப் பிடிக் கத்தியை மேசைமேல் வைத்தான். பதிலுக்கு எதைக் கொடுத்தான் என்று அவன் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போனான்.

என் பீரோவில் இப்போது விளக்கு மார்க்கின் ஆகச் சிறந்த சேகரிப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் இதற்காக எதையும் கொடுத்திருப்பேன். திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. சாவியை எங்கே வைப்பது என்று தினம் ஓர் இடம் மாற்றுகிறேன்.

செப்டம்பர் 5

ஜோஸ்பின் போன். நேற்று இரண்டு தோசை சாப்பிட்டாராம். இன்று ஒன்றுமே வேண்டாமாம், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம். இப்படித்தான் ஏறி இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் குரல் தூக்கமில்லாமல் கரகரக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று ஜோஸ்பின் என் வீட்டுக்கு ஐசக்கை அழைத்து வந்தாள். கத்திகளைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தோம். கூட இருங்கள், பார்க்கட்டும் என்றார்.

மேசையில் துணி விரித்து வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. டீ வந்தது, குடிக்கவில்லை. ஜோஸ்பின் என்னைப் பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்கும் தோன்றியது.

அப்புறம் அந்தக் கொம்புப் பிடிக் கத்தியை எடுத்தார். திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். புருவம் மெல்லச் சுருங்கியது.

“இத எந்தக் கழுதப்பய மிசின்ல தீட்டுனான்?”

பெங்களூர்க்காரராக இருக்கும் என்றேன்.

“சூடேத்திக் கெடுத்துட்டான். பாருங்க, நுனியில நெறம் மாறிட்டு. கோணமே போச்சு. இத இனி கல்லுல வச்சு மெதுவாக் கொண்டு வரணும். ஒரு மாசமாவது ஆகும். கூறுகெட்ட பய.”

திட்டிக்கொண்டே இருந்தார். ஜோஸ்பின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் கவனிக்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, “டீச்சர், அதுல நீங்க கை வச்சிராதீக. அடுத்த ஞாயிறு வாறேன்,” என்றார்.

ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்தேன். உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். மேசையில் கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். எல்லாம் இருந்தன.

எண்ணியதற்காக வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறும் எண்ணுவேன்.