ஆவாரஞ்செடி வரப்பு

குன்னம்,
ஆவணி 19.

அன்பு மகள் சுகன்யாவுக்கு அப்பா அழகேசன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. டேராடூனில் மழை விடவில்லை என்று அம்மா சொன்னாளே, தலையை நனைத்துக்கொள்ளாதே. நீ போனில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவதால் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

போன வருஷம் சித்திரையில் வழக்கம்போல வரப்பைச் செதுக்கித் தீ வைத்தேன். ஆவாரஞ்செடியில் இருப்பதும் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுதான் என்று நினைத்துவிட்டேன். நீ ஆராய்ச்சி செய்யும் அந்துப்பூச்சி கூட்டுப்புழுவாக அந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. இரண்டு வருஷ உழைப்பு போச்சே என்று நீ அழுதது இன்னும் என்னை அறுக்கிறது. தப்பு என்னுடையது.

ஓடையோரம் நாலு செடி தீயில் தப்பியிருந்தது. இந்தக் கோடை உழவுக்கு வந்த டிராக்டரை அந்தப் பக்கமே விடவில்லை. ஆடியில் மழை பெய்த மூன்றாம் நாள் காலை போய் இலையைத் திருப்பிப் பார்த்தேன். உன் பூச்சி உட்கார்ந்திருந்தது, சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை. சாம்பல் இறக்கை, ஓரத்தில் மஞ்சள் கோடு. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினேன், பதினொன்று! இதுவரை யாரும் பெயர் வைக்காத பூச்சியை என் மகள் நம் வரப்பில் கண்டுபிடித்திருக்கிறாள் என்று டீக்கடையில் சொன்னேன், வேளாண்மை ஆபீஸில் சொன்னேன், பஸ் கண்டக்டரையும் விடவில்லை. ஊரே என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது என்கிறாள் உன் அம்மா.

போன வாரம் பக்கத்துக் காட்டு அறிவரசன் தன் நிலத்தைத் திருத்த ஜேசிபியோடு வந்துவிட்டான். செடியில் புழுவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வரப்பையும் சேத்து வழிச்சுடறேன், தொல்ல வுட்டுடும்" என்றான். குறுக்கே போய் நின்றேன். "இது சோளத்தத் தொடாதுடா, ஆவார எல மட்டுந்தான் திங்கும். எம் பொண்ணு எழுதி வச்சிருக்கா" என்றேன். பூச்சிக்குக் காவல் நிற்கிறேன் என்று சிரித்தான். ஆமாம் என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

புழு இலையைச் சுருட்டத் தொடங்கிவிட்டது. இருபது நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று உன் நோட்டில் இருக்கிறது. எனக்குப் படம் எடுத்து அனுப்பத் தெரியும், ஆனால் அனுப்பமாட்டேன். நீயே வந்து பார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன். குன்னம் வரைக்கும் திட்டிக்கொண்டே வா, நான் வாய் திறக்காமல் ஓட்டுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா