தொண்டை கட்டியிருக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை கை அந்த வரிக்குப் போக மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் குரல் வெறும் காற்றாக வருகிறது, பக்கத்தில் அப்பாவும் இருப்பார்.

ஒரு வருஷமாகத் தொண்டை கட்டியிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, வகுப்பில் கத்துகிற தமிழ் டீச்சருக்கு வேறென்ன வரும் என்று நீயும் கேலி செய்தாய். படி ஏறினால் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டை கட்டலம்மா, தொண்டையில கட்டி என்றாள். குரல்வளைக் குருத்தெலும்பில் வருகிற புற்றுநோயாம், அபூர்வமாம், அவளே படித்ததோடு சரியாம். கரண்ட் வைக்கிற கதிர்வீச்சு வைத்தியத்துக்குக் கேட்காதாம். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் ஓட்டை போட வேண்டுமாம். நுரையீரலிலும் புள்ளி தெரிகிறதாம், அதனால் பிழைப்பேன் என்று சொல்லவில்லை, மூச்சு முட்டிச் சாகாமல் இருக்கலாம் என்றுதான் சொன்னாள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

சாவுகூட எனக்குப் பெரிசில்லைடி. அப்பாவுக்குக் கண் போன பிறகு, நான் என்றால் அவருக்கு என் குரல்தான். பேப்பர் படிப்பதும், பொத்தானை மாற்றிப் போட்டிருக்கீங்க என்று திட்டுவதும்தான். இனி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு நான் இல்லாதவள். எழுதிக் காட்டவும் வழியில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே அவரிடம் சொன்னேன், தொண்டையில கட்டியிருக்காம் என்று. இந்தக் குரலில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்ல ஒரு டாக்டரா, உப்புத் தண்ணில கொப்புளி, சரியாப் போயிடும் என்று சிரித்தார். வேற்றுமை உருபை விழுங்காதே என்று பிள்ளைகள் தலையில் குட்டியவள் நான், எனக்கு வாய்த்ததைப் பார். மறுபடி சொல்லத் தெம்பு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தடவித் தடவி அடுப்படிக்குப் போய், வெந்நீர் வைத்து, விரலை விட்டுச் சூடு பார்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். நானும் கொப்புளிக்கிறேன். இப்ப தேவலை, குரல் தெளிஞ்சிருக்கு என்கிறார்.

திங்களுக்குள் வந்துவிடு. முடியாவிட்டால் போனிலாவது நீயே அவரிடம் சொல்லு. நிதானமாகச் சொல்லு, அந்த ‘இல்’லை விட்டுவிடாதே.

மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வயசு நன்றாக இரு. தம்ளரோடு அப்பா வருகிறார், நிறுத்துகிறேன்.

உன்
அம்மா