உமரியைக் களை என்கிறார்கள்

அறுத்துப் போட்ட உமரிச் செடி வெயிலில் வதங்கும் வாடை சமையலறை வரை வருகிறது. உனக்குப் பிடித்த வாடை. எனக்கு இன்று பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே உள்ள சேற்றுத் திடலில் கண்டல் மரக் கன்றுகள் நடுகிறார்கள், புயல் அலைக்குத் தடுப்பாக. அதைக் கேட்டு எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். போன மழைக்குத் தண்ணீர் என் மகளின் தூளிக்கு ஒரு முழம் கீழே நின்றது. ஆனால் நடுவதற்கு முன்பு, குமராட்சியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அங்கே தானாக வளர்ந்த உமரியை எல்லாம் அறுக்கச் சொல்லிவிட்டார் மேற்பார்வைக்காரர். கழனியில் களையெடுத்துப் பழகிய கைகள். ஒரு தூர் தப்பவில்லை.

நாம் சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தபோது இதே மடத்தனத்தைச் செய்தவள் நான். பிச்சாவரம் பக்கம் ஆளுக்கொரு பாத்தி. கண்டல் கன்றுக்குப் போட்டி என்று என் பாத்தி உமரியைப் பிடுங்கினேன். சித்திரையில் மண் உப்புப் பூத்து, கன்றுகள் கருகின. உன் பாத்தியில் உமரி நிழலில் ஈரம் இருந்தது, கன்றுகளும் இருந்தன.

"சோம்பேறித்தனத்துல புடுங்காம வுட்டேன்டி. அதுக்குப் போயி மார்க்கு குடுக்குறாங்க" என்று சிரித்தாய்.

ஆற்றுத் தண்ணீர் தாராளமாக வரும் இடத்தில் இரண்டும் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் என்பதையும் பிறகு நீதான் கண்டுபிடித்தாய். மழை பொய்த்து உப்பு ஏறினால் கதை மாறிவிடும். "நல்ல காலத்துல பங்காளி, கெட்ட காலத்துல தொண" என்றாய். இப்போது வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏறுகிறது. இப்போது போய் அறுக்கிறார்கள்.

மேற்பார்வைக்காரரிடம் சொன்னேன். "கொழந்த வெயில்ல நிக்குது, உள்ள போங்கம்மா" என்றார். வீட்டுக்காரரோ, அவுங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்கிறார்.

உன் மேலும்தான் கோபம். ஐந்து நாள் காய்ச்சலை மெடிக்கல் கடை மாத்திரையிலேயே ஓட்டினாயே, யாரைக் கேட்டு? நீ உயிரோடு இருந்தால் அந்த ஆளை நிற்க வைத்துக் கேட்டிருப்பாய்.

மதியம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த உமரிக்குள் போய் நின்றேன். கருகிப்போன என் கன்றுகளைப் பற்றி, அறுக்கும் பெண்களிடமே சொன்னேன். ஓர் அக்கா அரிவாளைக் கீழே வைத்தார். "சொல்றது ஞாயமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு அறுக்கச் சொன்னா அறுக்கணும் பாப்பா, எங்களுக்குக் கூலி" என்றார்.

வீட்டு அகலத்துக்கு ஒரு துண்டு உமரி தப்பியிருக்கிறது.

நீ யாரிடமாவது சண்டைக்கு நிற்கும்போதெல்லாம் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் நான். அந்தப் பாவம் என்னிடம் இருக்கிறது. உன் சண்டையும் இருக்கிறது. காலையில் அவர்கள் வருவதற்கு முன் அந்தத் துண்டில் போய் நிற்பேன்.