கோட்டை பார்க்கப் போன சனிக்கிழமை

1992 மார்ச் 12, வியாழன். பிளாவன்.

லோதார் இன்று மனுவை அனுப்பிவிட்டான். பழைய கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் நம்மை உளவு பார்த்துச் சேர்த்து வைத்த கோப்புகளை இப்போது அவரவரே கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. ஊரே மனு போடுகிறது. இவனும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, தபால்தலை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். நானே!

"வர்றதுக்கு ஒரு வருஷமாவது ஆகுமாம். ஒம்பது வருஷம் காத்திருந்தாச்சு, இது என்ன," என்றான்.

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனேன்.

மார்ச் 13

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

எண்பத்தொன்றில் தொடங்கியது. நான் வேலை பார்த்த திரைச்சீலை ஆலையில், ஆளெடுப்பு அறையில், மாதம் ஒருமுறை உளவுத்துறை மனிதன் ஒருவன் வந்து உட்காருவான். சாதுவான முகம். உங்கள் வீட்டுக்காரர் லோதார் பள்ளிக்கூடத்தில் வாயை அதிகம் திறக்கிறார், அவர் வேலை நிலைக்க வேண்டுமானால் நீங்கள் எங்களோடு பேசிக்கொண்டிருங்கள் என்றான். பேசினேன். யார் வந்தார்கள், என்ன சிரித்தார்கள் — சின்னச் சின்ன விஷயங்கள்தானே? அவனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எண்பத்து மூன்று நவம்பரில், லோதார் எல்லை தாண்டி ஓடக்கூடிய ஆளா என்று அந்த மனிதன் கேட்டான். ஐயோ இல்லை என்று பதறிப்போய்ச் சொன்னேன்: மேற்கு ஜெர்மனிச் சாலைப் படப் புத்தகம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான், பவேரியாவில் ராஜா கட்டிய கோட்டைகளுக்கு எந்த வழியாகப் போகலாம் என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பான், அவ்வளவுதான், அப்பாவி. மறுவாரம் வீட்டைச் சோதனை போட்டார்கள். பூகோள வாத்தியார் வேலை போயிற்று. ஆறு வருஷம் சலவைக்கூடத்தில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டான்.

அந்தப் புத்தகம் இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, எனக்கு, அவனோடு ஒன்றாகப் படித்த ஹார்ட்விக்குக்கு. பழி ஹார்ட்விக் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து லோதார் அவன் முகத்தில் விழிப்பதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 2

தபால்காரி சைக்கிள் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். மூன்று வாரம்தானே ஆகிறது கிஸெலா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?

மே 2, சனி

லோதார் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தான். பேருந்துச் சுற்றுலா. ஒரே நாள், ராஜாவின் இரண்டு கோட்டைகள், காபியும் கேக்கும் இலவசம். கீழே பொடி எழுத்தில், கம்பளிப் போர்வை விற்பனைக் கூட்டத்தில் எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும் என்று போட்டிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ஏமாற்று வேலை, வேண்டாம் என்றேன்.

"நாப்பது வருஷம் கட்சிக் கூட்டத்துல தேய்ஞ்ச பின்பக்கம்டி இது. போர்வைக்காரன் ஒரு மணி நேரம் கத்தினா தாங்காதா?"

அவன் சிரித்து எத்தனை நாளாகிறது! அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும். சந்தோஷமாக இருக்கும்போது சொன்னால் தாங்கிக்கொள்வானோ? இல்லை, அவன் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போடுகிறேனா? ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோப்பு வந்து சொல்வதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அது மட்டும் தெரிகிறது.

மே 15

அவன் சட்டையை இஸ்திரி போட்டேன். ரொட்டிக்குள் ஈரல் மசியல் தடவி வைத்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

மே 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முறையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். நேற்று விடியுமுன்பே பேருந்து கிளம்பியது. லோதார் ஜன்னலோரம். ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும் அடுத்த ஊரின் பெயரை முன்கூட்டியே சொன்னான். அந்தப் புத்தகம் முழுக்க அவன் தலைக்குள் இருக்கிறது. முன் இருக்கைக்காரர் வியந்துபோய், இதற்கு முன் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, இதுதான் முதல் தடவை என்றான். நான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மடித்து, பிரித்து மடித்து உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மஞ்சள் கோட்டை. அங்கே ஒன்றுமே என் கண்ணில் படவில்லை. பிறகு மலைமேல் வெள்ளைக் கோட்டை. அதற்கும் மேலே, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே ஒரு பாலம். நடுப்பாலத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். காலடியில் பலகை அதிர்ந்தது, கீழே அருவி, பார்த்தாலே தலை சுற்றியது. அவன் கண்ணில் தண்ணீர்.

"பாத்தியா, கிஸெலா? நிஜமாவே இருக்கு," என்றான்.

இங்கேயா சொல்வது? எப்படிச் சொல்வது? கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே பயமாயிருந்தது.

கோட்டைக்குள் எங்களுக்கு வழிகாட்டிய பெண் மூச்சுவிடாமல் பேசினாள். சிம்மாசனம் இல்லாத சிம்மாசன மண்டபத்தில் நிறுத்தி, ராஜாவைப் பதவியிலிருந்து எப்படி இறக்கினார்கள் என்று சொன்னாள். அவருக்குப் பைத்தியம் என்று நான்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்களாம். அவரைச் சோதித்துப் பார்க்காமலே. எப்படிச் சாப்பிடுகிறார், தனியாக இருக்கும்போது யாரோடு பேசுகிறார் என்று வேலைக்காரர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார்களாம்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். லோதார் என் காதருகே குனிந்தான். "சோறு பரிமாறினவனே சொல்லியிருக்கான் பாரு. நம்ம ஹார்ட்விக் மாதிரி."

சுவரைப் பிடிக்கப்போய்க் காவலாளியிடம் திட்டு வாங்கினேன்.

மூன்று மணிக்கு ஒரு விடுதியின் கூடத்தில் உட்கார வைத்தார்கள். காபி, பிளம் கேக். போர்வைக்காரன் மேடை ஏறியதும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒட்டக ரோமம், மூட்டு வலி, தூக்கம் என்று ஒலிபெருக்கியில் உயிரை வாங்கினான். முதல் ஆள் வாங்காமல் யாரும் எழுந்திருக்க முடியாது போலிருந்தது.

அந்தச் சத்தத்தில்தான் சொன்னேன். நூறு பேர் நடுவில் அவன் கத்த மாட்டான் என்று ஒரு கணக்கு எனக்கு. கோழை, வேறென்ன!

"அட்லஸ் விஷயத்த ஹார்ட்விக் சொல்லல. நான்தான் சொன்னேன்."

முள்கரண்டி நின்றது. பிறகு கேக்கை வாயில் போட்டு மென்றான். விழுங்கினான்.

"எப்ப?"

"எம்பத்தி மூணு நவம்பர். ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே..."

முடிக்க விடவில்லை. கையைத் தூக்கினான். போர்வைக்காரன் கைதட்டி, இதோ முதல் வாடிக்கையாளர் என்று கூவினான். கையெழுத்துப் போட வெளி மேசைக்கு வரச் சொல்லிக் கதவைத் திறந்தார்கள். வெளியே போக வேறு வழியில்லாமல் லோதார் ஒரு போர்வையை வாங்கிவிட்டான்.

திரும்பி வந்த ஐந்து மணி நேரமும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான். அடிப்பானோ, வழியில் இறங்கிப் போய்விடுவானோ, வீட்டுக்கு வருவானா என்றெல்லாம் ஓடியது. ஹோஃப் நகரத்தைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை பேசினான்.

"கடைத்தெருவுல ஒரு நாள் ஹார்ட்விக் கைய நீட்டினான். நான் காறித் துப்பினேன். நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த."

ஆமாம். நின்றுகொண்டிருந்தேன்.

மே 18

மகளின் பழைய அறையில் படுத்துக்கொள்கிறான். கதவை உள்ளே தாழ் போடுகிறான். இந்த வீட்டில் கதவுக்குத் தாழ் போட்டதே கிடையாது.

மே 24

ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டானா? மகளுக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பானா? பக்கத்து ஊரில் ஒருத்தியின் பெயர் செய்தித்தாளில் வந்து அவள் வீட்டுச் சுவரில் பெயிண்டை ஊற்றியிருக்கிறார்கள். வாசலில் யாராவது நின்று பேசினாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். அவனும் அப்போதெல்லாம் இப்படித்தானே பயந்து பயந்து இருந்திருப்பான்? நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒன்றுமில்லை தூங்கு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் முகச்சவரம் செய்துகொண்டு எங்கோ போனான். ஹார்ட்விக்கின் தோட்டத்துக்குத்தான் என்று தெரியும். அவன் திரும்பி வரும்வரை கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மாலையில் ஒரு பை நிறைய நூல்கோல் கொண்டுவந்து தொட்டியில் போட்டான். என்ன சொன்னான் ஹார்ட்விக் என்று கேட்டேன்.

"உள்ள வான்னான். வேற ஒண்ணும் சொல்லல," என்றான், தொட்டியைப் பார்த்து.

நூல்கோலைத் தோல் சீவினேன்.

செப்டம்பர் 3

சாப்பாட்டு மேசையில் "உப்பு" என்றான். கொடுத்தேன். அதற்கே கண் நிறைந்துவிட்டது. வெட்கக்கேடு.

1993 பிப்ரவரி 9, செவ்வாய்

வந்துவிட்டது. ஜனவரியில் கோப்பு அலுவலகத்துக்கு வந்து படிக்கச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்து படிக்க முடியாது, நகல் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இன்று தபால்காரி பருத்த உறை ஒன்றை என் கையில்தான் கொடுத்தாள். ஒரு கணம் அடுப்பைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், பார்த்தேன். பிறகு அவன் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வேலையிலிருந்து வந்தான், கை கழுவினான், கத்தியால் உறையைக் கீறினான். இருநூறு பக்கமாவது இருக்கும். படிக்காமல் அப்படியே என் பக்கம் தள்ளினான்.

"நீ படி. சொன்னவ நீதானே. உன் வாயாலயே கேக்கறேன்."

முடியாது என்றேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான். கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. களைப்பாக இருந்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். முதல் தாளில் தேதி, நேரம், இடம். பிறகு, தகவல் தந்தவர் என்று போட்டு ஒரு பெயர். அவர்கள் எனக்கு வைத்த பெயர். பன்னிரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத பெயர்.

"டாலியா," என்று வாசித்தேன்.

"யாரு அது?"

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

"நான்," என்றேன்.

"ம். மேல படி," என்றான்.